தாழம்பூவுக்குத் தண்டனை! தளபதிக்குத் தூதர் பதவி!

திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தர ஆசிரியர் வேண்டியதில்லை. தேரடியில் பொரிகடலை விற்பவரும் சொல்வார். தீபத்திருநாளுக்கு வண்டி கட்டி வந்த பாட்டியும் சொல்வாள்.

அடியும் முடியும் தேடி இருவர் புறப்பட்டனராம். பன்றி உருக்கொண்டு மண்ணை அகழ்ந்த திருமால், "அடியைக் காணவில்லை" என்று ஒப்புக்கொண்டாராம். அன்னப்பறவையாகி விண்ணிலே பறந்த நான்முகனோ, காணாத முடியைக் கண்டதாகச் சாதித்தாராம். சாட்சி யார்? மேலிருந்து உதிர்ந்து வந்த தாழம்பூ! "ஆம், கண்டார்" என்றதாம் அந்தப் பூ. பொய் அம்பலமாயிற்று. நான்முகனுக்குக் கோயில் இல்லை. தாழம்பூவுக்குப் பூசையில் இடமில்லை. தீர்ப்பு முடிந்தது, கதையும் முடிந்தது.

மலை நெருப்பாக நின்றது என்பதை நாம் நம்புவதில்லை. பூ பேசிற்று என்பதையும் நம்புவதில்லை. ஆனால் அந்தக் கதையைக் கட்டியவன் நெஞ்சிலே ஒரு நீதி வேட்கை இருந்தது பாருங்கள், அதை மறுக்க மாட்டோம். பொய் சொன்னவன் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தான் என்று அவன் பார்க்கவில்லை. படைக்கும் தொழிலையே பார்த்தவன் ஆயினும் விலக்கு இல்லை என்றான். பொய்ச் சாட்சிக்கும் தண்டனை உண்டு என்றான்.

கதையிலே கண்ட நீதி, கண்ணெதிரே உள்ள உலகில் உண்டா?

2007 முதல் 2009 வரை வன்னிப் படைத்தலைமையகத்தின் தளபதியாக இருந்தவர் ஜகத் ஜயசூரிய. அந்த ஆண்டுகளில் வன்னியில் நடந்தது என்ன? ஐக்கிய நாடுகள் மன்றத்தின் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு, 2011-இல் தந்த அறிக்கையில் கூறிற்று: இறுதிக் கட்டப் போரில் மாண்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம், தாக்கமாட்டோம் என்று அரசே அறிவித்த வலயங்களில் குண்டுகள் விழுந்தன, மருத்துவமனைகள் மீதும் விழுந்தன. இவ்வளவும் நடந்தபோது அந்தக் களத்தின் படைத்தலைமையில் இருந்தவரை விசாரித்தார்களா? இல்லை! நாட்டின் முழுப்படைக்கும் தளபதியாக உயர்த்தினார்கள். பின்னர் பிரேசிலுக்குத் தூதராகவும் அனுப்பினார்கள்! 58-ஆவது படைப்பிரிவை நடத்திய சவேந்திர சில்வாவையோ, போர் முடிந்த மறு ஆண்டே நியூயார்க்கில், ஐ.நா. மன்றத்திலேயே, இலங்கையின் துணைப் பிரதிநிதியாக அமர்த்தினார்கள்.

தாழம்பூவுக்குத் தண்டனை, தளபதிக்குத் தூதர் பதவி! புராணக்காரனுக்கு இருந்த நாணம் பூவுலகை ஆள்வோருக்கு இல்லாமற் போயிற்று.

* * *

இது இலங்கையின் விவகாரம். நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. அவர்களை இந்த ஊர் எல்லைக்கே அழைத்துச் செல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்திலே ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். அவற்றில் ஏறத்தாழ 58,000 மக்கள். 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றாக்கியது. பெயரிலே இருந்த இழிவு போயிற்று. நெஞ்சிலே இருக்கும் நெருப்பு போகவில்லை.

முழுநிலா நாளில் மலையைச் சுற்றி இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பதினான்கு கிலோமீட்டர் நடந்தால் பாவம் தீரும் என்கிறார்கள். அந்தப் பாதையோரம் என்னோடு பேசிக்கொண்டிருந்த முகாம் மூதாட்டி ஒருவர், 1990-இல் படகேறி வந்தவர், கேட்டார்:

"தம்பி, என்ர மகனைச் சுட்டவனை நான் கண்ணால கண்டனான். இஞ்ச உள்ள கோட்டில வழக்குப் போடேலாதோ?"

என்ன விடை கூறுவது? "அம்மா, குற்றம் நடந்தது அந்நிய மண்ணில், குற்றவாளி அந்நியன், கொல்லப்பட்டவனும் இந்நாட்டுக் குடிமகன் அல்லன், ஆகவே நம் நீதிமன்றத்துக்கு வேலையில்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாமா? சட்டம் தெரியாதவன் அப்படித்தான் சொல்வான். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தவன் திடுக்கிடுவான்!

இந்தியா ஜெனீவா உடன்படிக்கைகளை 1950-இல் ஏற்றது. அவற்றை நாட்டுச் சட்டமாக்க 1960-இல் நாடாளுமன்றம் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தை இயற்றியது. அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது: இந்தியாவுக்கு உள்ளேயாயினும் வெளியேயாயினும், எவராயினும், அந்த உடன்படிக்கைகளைக் கொடிதாக மீறினால் தண்டனை உண்டு. பாதுகாப்புக்குரியோரை வேண்டுமென்றே கொன்றால் மரணம் அல்லது ஆயுள் சிறை. மற்றவற்றுக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறை. நான்காம் பிரிவு அதற்கும் மேலே போகிறது: வெளிநாட்டில் குற்றம் செய்தவன் இந்தியாவில் எந்த இடத்தில் காணப்படுகிறானோ, அந்த இடத்திலேயே குற்றம் நடந்ததாகக் கருதி நடவடிக்கை எடுக்கலாம். வழக்கைக் கேட்க மாவட்டத்தின் அமர்வு நீதிமன்றத்துக்கே தகுதி உண்டு.

பொருள் புரிகிறதா, தோழர்களே? அத்தகைய குற்றம் புரிந்த அந்நியத் தளபதி ஒருவன் தீபம் காண இங்கு வந்தால், கொப்பரையிலே எரியும் நெய்யின் வெளிச்சத்தில் அவன் முகத்தை அடையாளம் கண்டால், திருவண்ணாமலை அமர்வு நீதிமன்றத்தின் கூண்டிலே அவனை ஏற்றலாம்! ஹேக் நகரம் போக வேண்டியதில்லை. ஜெனீவாவில் தவம் கிடக்க வேண்டியதில்லை. இதைத்தான் சட்ட வல்லுநர்கள் உலகளாவிய அதிகார வரம்பு என்கிறார்கள். மனித குலத்துக்கே எதிரான குற்றம் என்றால், எந்த நாட்டு நீதிமன்றமும் மனித குலத்தின் சார்பிலே தீர்ப்புக் கூறலாம் என்பதே அதன் உட்பொருள்.

ஆனால், கதவைக் கட்டியவர்கள் இரண்டு பூட்டுகளையும் பூட்டிவிட்டார்கள்.

முதற் பூட்டு, அதே சட்டத்தின் பதினேழாம் பிரிவு. அரசாங்கம், அல்லது மைய அரசு குறிப்பிடும் அதிகாரி, முறையிட்டாலன்றி எந்த நீதிமன்றமும் அந்தக் குற்றத்தைக் கையிலெடுக்க முடியாது. மகனைப் பறிகொடுத்த தாய் முறையிட முடியாது. கண்ணால் கண்ட சாட்சி முறையிட முடியாது. கண்ணகி சிலம்போடு வந்து நின்றால், "அம்மணி, முதலில் டில்லிச் செயலகத்தில் அனுமதி வாங்கி வாருங்கள்" என்று வாயிற்காவலன் திருப்பி அனுப்புவான்!

இரண்டாம் பூட்டு, சட்டத்தின் வீச்சு. உடன்படிக்கைகள் கூறும் 'கொடிய மீறல்' என்பது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நடக்கும் போரைக் குறித்தது. ஒரு நாட்டுக்குள்ளே, தன் குடிமக்கள் மீதே அரசு தொடுக்கும் போர் அதில் அடங்காது. அண்டை நாட்டான் கொன்றால் போர்க்குற்றம். ஆள்கிறவனே கொன்றால் உள்நாட்டு விவகாரம்! முள்ளிவாய்க்கால் இந்தச் சந்திலேதான் புதைக்கப்பட்டது.

மற்றச் சட்டங்களாவது துணை வருமா? இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை இந்தியா 1959-இல் ஏற்றது. அதற்கென்று நாட்டுச் சட்டம் இன்றுவரை இல்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டது, உறுதி செய்யவில்லை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. 1984-இல் சீக்கியர் கொல்லப்பட்ட வழக்கில், 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த டில்லி உயர்நீதிமன்றம், மானுடத்துக்கு எதிரான குற்றமும் இனப்படுகொலையும் நம் குற்றச் சட்டத்தில் இடம்பெறவில்லை, இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும் என்று சுட்டிக்காட்டியது. பின்னர் தண்டனைச் சட்டத்தையே மாற்றி, புதிய பெயர் சூட்டி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் மாறிற்று, பிரிவு எண்கள் மாறின, ஓட்டை மட்டும் மாறவில்லை!

* * *

"ஒரு நாட்டான் செய்த குற்றத்தை மற்றொரு நாட்டு நீதிமன்றம் விசாரிப்பதா? இறைமை என்னாவது?" என்று கேட்பார்கள்.

இறைமை பற்றி இவ்வளவு கவலைப்படும் டில்லி, 2022-இல் கடற்கொள்ளை எதிர்ப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நடுக்கடலில் கொள்ளையடித்தவன் எந்த நாட்டானாயினும் இந்திய நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது அது. 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் 35 பேரைக் கடற்படை பிடித்து, மும்பைக்குக் கொண்டுவந்தது. சரியான செயல், பாராட்டுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: கப்பலைக் கடத்தியவன் மனித குலத்தின் பகைவன் என்றால், மருத்துவமனையைத் தகர்த்தவன் யாருடைய நண்பன்? சரக்குக்கு உள்ள காவல் உயிருக்கு இல்லையா? கடற்கொள்ளையனிடம் தூதரகம் இல்லை, கொடி இல்லை, கைகுலுக்கும் உச்சி மாநாடு இல்லை. அதனால்தான் அவனுக்கு மட்டும் உலகச் சட்டம் பொருந்துகிறதா?

உலகம் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். சிலி நாட்டின் கொடுங்கோலர் பினோசே, 1998 அக்டோபரில் மருத்துவத்துக்காக இலண்டன் போனார். ஸ்பெயின் நாட்டு நீதிபதி அனுப்பிய பிடியாணையைக் காட்டி, பிரித்தானியக் காவலர் அவரைக் கைது செய்தனர். உடல்நிலையைக் காரணம் காட்டி 2000-இல் அவர் ஊர் திரும்பியது உண்மை; ஆனால் முன்னாள் ஆட்சித்தலைவன் சித்திரவதைக் குற்றத்துக்குப் பதவியைக் கேடயமாக்க முடியாது என்று பிரபுக்கள் சபை கூறிய தீர்ப்பு ஊர் திரும்பவில்லை; உலகிலேயே தங்கிவிட்டது.

சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹாப்ரே, செனெகலுக்கு ஓடி, மாளிகை கட்டி வாழ்ந்தார். 2016 மே மாதத்தில், அதே செனெகலின் தலைநகரில் கூடிய தனி நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அது வெள்ளையர் கருப்பரை விசாரித்த கதையன்று. ஆப்பிரிக்க மண்ணிலே ஆப்பிரிக்கர் நடத்திய நீதி விசாரணை. சிரியாவின் உளவுத்துறைக் கர்னல் அன்வர் ரஸ்லான், ஜெர்மனியில் தஞ்சம் புகுந்திருந்தார். அவருடைய சிறையில் 4,000 பேருக்குக் குறையாமல் வதைக்கப்பட்டனர் என்று கண்டு, 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை தந்தது.

ஈழத்தமிழரும் கதவுகளைத் தட்டாமல் இல்லை. 2011-இல் சவேந்திர சில்வா மீது நியூயார்க்கில் உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். தூதருக்குரிய விலக்கைக் காட்டி, 2012-இல் வழக்கைத் தள்ளினார்கள். 2017 ஆகஸ்டில் ஜகத் ஜயசூரிய மீது பிரேசிலிலும் கொலம்பியாவிலும் குற்றமுறையீடு தாக்கலாயிற்று. தூதர் அதற்குள் நாடு திரும்பிவிட்டார். போர்வீரர் எவர் மீதும் கைவைக்க விடமாட்டேன் என்று அன்றைய குடியரசுத் தலைவர் சிறிசேனா அறிவித்தார். 2022 ஜூலையில், மக்கள் கிளர்ச்சிக்கு அஞ்சி ஓடிய கோத்தபய ராஜபக்ச சிங்கப்பூரில் தங்கியிருந்தபோது, அந்நாட்டின் தலைமை வழக்கறிஞரிடம் முறையீடு தரப்பட்டது. சில நாளில் அவர் தாய்லாந்துக்குப் பறந்தார்.

தோல்விகள்தாமே என்று ஏளனம் செய்வோர் செய்யட்டும். விமானம் மாறி விமானம் ஏறி ஓடுகிறவன் வெற்றி பெற்றவன் அல்லன். உலக வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊர் நமக்கு ஆகாது என்று எண்ணிப் பார்க்கும் நிலைக்கு அவர்களை ஆளாக்கியது இந்த முறையீடுகளே. அந்த வரைபடத்திலே இந்தியா மட்டும் இன்னும் இளைப்பாறும் சோலையாக இருக்கிறது! 2012-இல் சாஞ்சிக்கு மகிந்த ராஜபக்சவைச் சிவப்புக் கம்பளம் விரித்து அழைத்தார்கள். 2013-இலும் 2014-இலும் அவர் திருமலைக்கு வந்து வழிபட்டுப் போனார். அன்று பதவியில் இருந்தவர். பதவியிலிருக்கும் ஆட்சித்தலைவருக்கு அயல்நாட்டு நீதிமன்றத்தில் விலக்கு உண்டு என்பது பன்னாட்டுச் சட்டம். பதவி இறங்கிய பிறகும் பட்டுக் கம்பளம் விரிப்பதற்கு எந்தச் சட்டம்?

"இலங்கையே விசாரித்துக்கொள்ளட்டும்" என்பது அடுத்த உபதேசம். விசாரித்த கதையைக் கேளுங்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர் கொல்லப்பட்டனர்; அவர்களில் ஒரு குழந்தைக்கு ஐந்து வயது. பதினைந்தாண்டு வழக்குக்குப் பின், 2015-இல் சுனில் இரத்நாயக்க என்ற படைவீரருக்கு மரண தண்டனை விதித்தது இலங்கை நீதிமன்றம். 2020 மார்ச்சில், உலகமே கொள்ளைநோய்க்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, குடியரசுத் தலைவர் கோத்தபய அவரைப் பொதுமன்னிப்பில் விடுதலை செய்தார். 2015-இல் ஜெனீவாவில், அயல்நாட்டு நீதிபதிகளின் பங்கேற்போடு நீதிப்பொறி அமைப்போம் என்று இலங்கை ஒப்பி நின்றது. 2020-இல் அந்த உறுதியிலிருந்து விலகிற்று. செம்மணியிலே 2025-இல் தோண்டத் தோண்ட, இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. மண் சாட்சி சொல்லிவிட்டது, மன்றந்தான் இல்லை. ஐ.நா. மனித உரிமை ஆணையரே, 2021 ஜனவரி அறிக்கையில், உறுப்பு நாடுகள் உலகளாவிய அதிகார வரம்பின்படி தத்தம் நீதிமன்றங்களில் வழக்குத் தொடர வேண்டும் என்று கேட்டார். அந்த ஆண்டு மார்ச்சில் சாட்சியங்களைத் திரட்டும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 2012-இலும் 2013-இலும் இலங்கைக்கு எதிராகக் கையுயர்த்திய இந்தியா, 2014-இல் கையை மடக்கியது. 2021-இலும் 2022-இலும் மடக்கிய கையை மடக்கியபடியே வைத்துக்கொண்டது.

* * *

இனி நம்மைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கு விடை கூறாமல் ஓடினால் நாம் பகுத்தறிவாளர் அல்லர். "சிங்களத் தளபதிகள் மட்டுந்தானா குற்றவாளிகள்?"

இல்லை. அதே வல்லுநர் குழு, விடுதலைப் புலிகள் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்றது. சிறுவரைப் படைக்குப் பிடித்தது, மக்களை வெளியேற விடாமல் தடுத்தது, தப்பியோடியவர்களைச் சுட்டது ஆகியவை அவற்றில் அடக்கம். 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக விரட்டியதும் புலிகளே. அவற்றுக்கும் விசாரணை வேண்டும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், இந்திய அமைதிப்படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்தபோது நோயாளரும் மருத்துவரும் செவிலியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கும் விசாரணை வேண்டும். டில்லி இரண்டாம் பூட்டைத் திறக்க அஞ்சுவதற்கு, அடுத்த வீட்டுக்காரன் முகம் கோணும் என்பது மட்டுமா காரணம்? தன் வீட்டு அலமாரியில் உள்ள எலும்பும் உருண்டு விழும் என்ற அச்சம் இல்லையா?

நம் இனத்தான் என்றால் மறைப்பதும், மாற்றான் என்றால் கூவுவதும் நீதி அன்று, அது கட்சிகட்டல். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று ஒரு சோழனைப் பற்றிக் கதை சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நாம். அந்தக் கதையின் அழகு பசுவிலே இல்லை. தன் மகன் என்று பாராத இடத்திலே இருக்கிறது.

* * *

செய்ய வேண்டியது என்ன?

தமிழகச் சட்டமன்றம் 2011-இல் இலங்கை மீது பொருளாதாரத் தடை கோரித் தீர்மானம் இயற்றியது. 2013-இலும் தீர்மானம் இயற்றியது. டில்லி அவற்றைப் படித்ததோ, பரண்மேல் போட்டதோ! இம்முறை டில்லி செய்யக்கூடியதைப் பெயர்சொல்லிக் கேட்போம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினேழாம் பிரிவைத் திருத்து. பாதிக்கப்பட்டவரும் உயர்நீதிமன்றத்தின் இசைவோடு முறையிட வழி செய். உள்நாட்டுப் போரின் கொடுமைகளையும் அச்சட்டத்தில் சேர். மானுடத்துக்கு எதிரான குற்றம், இனப்படுகொலை, சித்திரவதை ஆகியவற்றைத் தண்டனைச் சட்டத்தில் எழுது. பழங்குற்றத்துக்குப் புதுச்சட்டம் பாயாது என்று வாதிடுவர். செய்தபோதே உலகச் சட்டப்படி குற்றமாயிருந்ததைத் தண்டிப்பதற்குப் பன்னாட்டு உடன்படிக்கை இடந்தருகிறது. நம் அரசியலமைப்போ ஏற்குமா என்று வழக்கு நடக்கும், நடக்கட்டும். நேற்றைய பிணத்துக்கு வழியில்லை என்பதற்காக நாளைய பிணத்துக்கும் வழியை அடைக்க வேண்டுமா?

இது கோட்டையில் நடக்கவேண்டிய வேலை. வீதியில் நடக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது இளைஞர்களுடையது. ஹாப்ரே கூண்டேறியது எப்படி? அவருடைய சிறையிலிருந்து உயிர் மீண்ட சுலைமான் கெங்கெங் என்பவர், தம்மைப் போன்றோரை வீடு வீடாகத் தேடிச் சென்று, வாக்குமூலங்களை எழுதி, மறைத்துவைத்துக் காத்தார். அந்தத் தாள்கள் ஆண்டுகள் பல உறங்கின. பிறகு ஒருநாள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசின.

நம் முகாம்களிலே உறங்குகிறவை எத்தனை! கண்ணால் கண்டவர்களுக்கு எழுபது வயதாகிறது, எண்பதாகிறது. ஒவ்வோர் ஆண்டும் சில சாட்சிகள் சுடுகாட்டுக்குப் போகின்றன. சட்டம் பயிலும் தோழர்களே, முகாமுக்குப் போங்கள். அனுமதி பெற்றுப் போங்கள். நாள், இடம், சீருடை, கண்டது எது, கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். அவர்கள் சொல்லாததைச் சொல்லவைக்காதீர்கள். ஒரு சொல்லைக் கூட்டினாலும் ஒரு வழக்கைக் கெடுத்தவர்கள் ஆவீர்கள். பெயர்களை மேடையிலே முழங்காதீர்கள். அவர்களுடைய உற்றார் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். எழுதியதைப் படித்துக்காட்டி, அவர் இசைந்தால் மட்டும் பாதுகாத்து வையுங்கள்.

தாழம்பூ பொய் சொல்லிற்று. அதற்கு ஆயிரம் ஆண்டுத் தண்டனை. இந்த மூதாட்டி மெய் சொல்கிறாள். அவளுக்கு முப்பத்தைந்தாண்டுக்கு மேலாகத் தகரக் கூரை. பொய்ச்சாட்சியைத் தண்டிக்கத் தெரிந்த ஊருக்கு மெய்ச்சாட்சியைக் கேட்கத் தெரியாதா?

மலையைச் சுற்றியது போதும். முகாமுக்குள் ஒருமுறை நடந்து வருவோம். அவள் கேட்ட கேள்விக்கு, "வழக்குப் போட முடியும் அம்மா, உட்காருங்கள், சொல்லுங்கள்" என்று விடை கூறும் நாளை நாம் உண்டாக்க வேண்டும். அவள் கண் மூடுவதற்குள்!